அமுக்கினால் மட்டும் போதுமா? – ஆட்டோமேட்டிக் ஜூம் கேமரா பற்றி ஒரு விளக்கம்

(இரண்டாம் ஆண்டு டிப்ளமோ, மின்னணுவியல் பிரிவு)



"பட்டனை அமுக்கு, மீதியைக் கேமரா பார்த்துக் கொள்ளும்" என்று சொல்லித்தான் ஆட்டோமேட்டிக் பிலிம் கேமராக்களை அந்தக் காலத்தில் விற்றார்கள். சொன்னதில் பொய் இல்லை. தூரத்தை அதுவே அளக்கிறது. வெளிச்சத்தை அதுவே அளக்கிறது. பிலிமை அதுவே சுற்றுகிறது. இருட்டினால் பிளாஷையும் அதுவே போடுகிறது. ஆனால் நாம் யாரைப் படம் எடுக்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரியும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக் கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1990களில் வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்தவர்கள் வாங்கி வந்த கேமராக்கள் நம்மில் பலர் வீட்டுப் பெட்டியில் சும்மா தூங்குகின்றன. பிலிமும் செத்துப் போய்விடவில்லை. 2024ஆம் ஆண்டில்கூடப் பென்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கேமரா விற்பனைக்கு வந்தது. ஆனால் அதில் ஜூம் கிடையாது. ஜூம் வேண்டுமென்றால் பெட்டியில் தூங்குவதைத்தான் எழுப்ப வேண்டும்.

எழுப்புவதற்கு முன் ஒரு கணக்கு. செல்போனில் நூறு படம் எடுத்துத் தொண்ணூறை அழிக்கலாம். பிலிமில் ஒரு ரோலுக்கு 36 படம், அவ்வளவுதான். ஒரு ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட எங்கள் அப்பாவின் இரண்டு நாள் கூலிக்கு மேல் ஆகிவிடுகிறது. எனவே தெரிந்து கொண்டு அமுக்குவதே நல்லது.

கேமரா எப்படி ஆட்டோமேட்டிக் ஆனது?

1925இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்த பிறகு, 35 மி.மீ. பிலிமில் 24 × 36 மி.மீ. அளவில் படம் எடுக்கும் முறை உலகம் முழுவதும் பரவியது. நாம் கடையில் வாங்கும் உருளை டப்பியை 1934இல் கோடக் கம்பெனி கொண்டு வந்தது. அப்போதெல்லாம் தூரம், துவாரம், ஷட்டர் வேகம் மூன்றையும் படம் எடுப்பவரே கையால் வைக்க வேண்டும்.

பிறகு அந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கேமராவிடம் போய்ச் சேர்ந்தன. 1975இல் கோனிகா சி35 இ.எப். பிளாஷைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்துக் கொண்டது. 1977இல் கோனிகா சி35 ஏ.எப். தானாகவே போகஸ் செய்தது. 1983இல் கோடக் டி.எக்ஸ். குறியீட்டைக் கொண்டு வந்ததால் பிலிமின் வேகத்தையும் கேமராவே படிக்க முடிந்தது. 1986இல் பென்டாக்ஸ் ஜூம் 70 வந்தது. சட்டைப் பை அளவுக்குச் சற்றே பெரிய கேமராவில் ஜூம் லென்ஸ் வந்தது அதில்தான். நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் இதன் தம்பி, தங்கைகள்தான்.

ஜூமுக்கு நாம் கொடுக்கும் விலை

லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் சில எண்கள் இருக்கும். பென்டாக்ஸ் ஜூம் 70இல் 35–70 என்றும் 3.5–6.7 என்றும் இருக்கும். முதல் ஜோடி குவியத் தூரம், மில்லிமீட்டரில். இரண்டாவது ஜோடி எப் எண். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எப் எண் வரும். பிளஸ் டூ கணக்குகூட வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும்.

35ஐ 3.5ஆல் வகுத்தால் 10. எழுபதை 6.7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10.4. பார்த்தீர்களா? ஜூம் இரண்டு மடங்காகிறது, ஆனால் வெளிச்சம் நுழையும் வாசல் ஏறக்குறைய அதே 10 மி.மீ. தான்! உருவம் நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு பெரிதாகும்போது அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. ஆகவே பிலிமுக்குக் கிடைப்பது கால்வாசிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஒரே அளவு மாவில் பெரிய தோசை வார்த்தால் தோசை மெலிகிறது அல்லவா, அது போலத்தான்.

இதனால் என்ன நஷ்டம்? மேகமூட்டமான மாலை. பிளாஷை அணைத்துவிட்டு எடுக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். 35இல் ஷட்டர் 1/60 விநாடி திறந்தால், 70இல் ஏறக்குறைய 1/15 விநாடி திறக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் ஒன்றின் கீழ் குவியத் தூரத்துக்குக் குறையக் கூடாது என்பது போட்டோக்காரர்களின் பழைய விதி. அதாவது 35க்கு 1/35, எழுபதுக்கு 1/70. ஜூம் செய்தால் இன்னும் வேகமான ஷட்டர் தேவை, கிடைப்பதோ மெதுவான ஷட்டர். இரண்டு பக்கமும் அடி! ஜூம் செய்த படங்கள் மங்கினால் "லென்ஸ் சரியில்லை" என்கிறோம். பல நேரம் நடுங்கியது நம் கைதான்.

இதற்குப் பரிகாரம் மூன்று. ஒன்று, முடிந்தால் நாமே நாலடி முன்னால் போவது. காலுக்குச் செலவில்லை. இரண்டு, முழங்கையை மார்போடு ஒட்டி, சுவரிலோ தூணிலோ சாய்ந்து எடுப்பது. கேமராவை ஸ்டூல் மேல் வைத்து செல்ப் டைமர் போட்டால் இன்னும் நல்லது. மூன்று, 100க்குப் பதில் 400 வேகப் பிலிம் போடுவது. ஜூமில் இழந்த நான்கு மடங்கு அதில் திரும்பக் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பிலிம் டப்பியின் மேல் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருக்கும். அதுதான் டி.எக்ஸ். குறியீடு. கேமராவுக்குள் உள்ள சிறு ஊசிகள் அதைத் தொட்டு, எங்கே மின்சாரம் பாய்கிறது, எங்கே பாயவில்லை என்று பார்த்து வேகத்தைப் புரிந்து கொள்கின்றன. பெரிய சுருளிலிருந்து வெட்டிப் பழைய டப்பியில் சுற்றி விற்கும் பிலிமில் இந்தக் கட்டங்கள் இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறு பிலிமின் கட்டங்கள் இருக்கலாம். கட்டம் இல்லாவிட்டால் பல கேமராக்கள் 100 என்று வைத்துக் கொள்ளும். வாங்கும்போது டப்பியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

போகஸ்: நடுவில் உள்ள சின்னக் கட்டம்

கேமராவின் முகப்பில் இரண்டு சிறு கண்ணாடி ஜன்னல்கள் இருக்கும். ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் புறப்படும். எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் கதிர் மற்ற ஜன்னலில் என்ன கோணத்தில் விழுகிறது என்று பார்த்துக் கேமரா தூரத்தைக் கணக்கிடும். சிவில் பிரிவு நண்பர்கள் சர்வே வகுப்பில் படிக்கும் முக்கோண முறையேதான்! 1979இல் கேனான் ஏ.எப்.35எம் இந்த வழியைக் கையாண்டது. பின்னால் வந்த பல கேமராக்களும் இதையே பின்பற்றின.

சிக்கல் என்னவென்றால், கதிர் போவது படத்தின் நட்டநடுவில் மட்டும்தான். வியூபைண்டரில் தெரியும் சின்னக் கட்டம் அந்த இடத்தைத்தான் காட்டுகிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடு என்பது அவர்களுக்கு இடையில் உள்ள சந்து. கதிர் அந்தச் சந்து வழியாகப் போய்ப் பின்னால் உள்ள சுவரைத் தொடும். கேமராவும் சுவருக்குப் போகஸ் செய்துவிடும்.

எங்கள் தாத்தாவுக்கு என்று இருப்பது ஒரே ஒரு போட்டோ. 1996இல் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தபோது எடுத்தது. வாசலில் தாத்தாவும் அவருடைய கூட்டாளியும் நிற்கிறார்கள். நன்றாக ஜூம் செய்து எடுத்திருக்கிறார். பின்னால் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதில் அன்றைய தேதியைத் துல்லியமாகப் படிக்கலாம். தாத்தா முகம்தான் தெரியவில்லை. அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. "உனக்கு அவரு மூக்குடா" என்று அப்பத்தா சொல்லும். அந்தப் படத்தை வைத்துக் கொண்டு அதைச் சரிபார்க்க வழியில்லை.

கேமரா கெட்டுப் போகவில்லை. பெரியப்பா மேலும் குற்றமில்லை. கேமரா தன் விதிப்படி நடந்தது, அந்த விதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேமராவோடு வந்த சின்னப் புத்தகத்தில் இதற்கென்றே அரைப் பக்கம் இருக்கிறது, ஆங்கிலத்தில். பெரியப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு.

அந்த அரைப் பக்கம் சொல்வது இதுதான்:

1. முதலில் ஒருவர் முகத்தை நடுக் கட்டத்தில் வையுங்கள்.
2. பட்டனைப் பாதி மட்டும் அமுக்குங்கள். பச்சை விளக்கு எரியும். போகஸ் பூட்டப்பட்டுவிட்டது என்று பொருள்.
3. விரலை எடுக்காமல் கேமராவை நகர்த்தி, இருவரும் சரியாகத் தெரியும்படி வையுங்கள்.
4. இப்போது முழுவதும் அமுக்குங்கள்.

இவ்வளவுதான். இரண்டு விநாடி வேலை.

பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கும்போதும் கவனம் தேவை. கதிர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடலாம். தூரக் காட்சிக்கென மலைப் படம் போட்ட பட்டன் இருந்தால் அதை அமுக்குங்கள்.

பிளாஷ் எட்டும் தூரம்

ஒவ்வொரு பிளாஷுக்கும் ஒரு சக்தி எண் உண்டு. அதை எப் எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் எட்டும் என்பது வரும். 100 வேகப் பிலிமில் சக்தி எண் 12 என்று வைத்துக் கொள்வோம். 35இல் 12 ÷ 3.5, அதாவது சுமார் 3.4 மீட்டர். 70இல் 12 ÷ 6.7, வெறும் 1.8 மீட்டர்! 400 பிலிம் போட்டால் இரண்டும் இரட்டிப்பாகும், அதற்கு மேல் இல்லை.

நம் ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையை முழு ஜூமில் பிளாஷ் போட்டு எடுத்தால் என்ன வரும்? முன் வரிசைக்காரர்களின் பின்னந்தலை வெள்ளையாக வரும். மேடை இருட்டாக வரும். மேடைக்கு முன்னால் போய், ஜூமைக் குறைத்து எடுப்பதே வழி.

நடுப்பகலிலும் பிளாஷ் உதவும். ஆளின் முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால் கேமரா வானத்து வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். மின்னல் குறி மட்டும் தெரியும்வரை பிளாஷ் பட்டனை அமுக்கி, பிளாஷைக் கட்டாயமாக எரிய வையுங்கள். முகம் தெளியும்.

இரவுப் படங்களில் கண் சிவப்பாக வருவதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். பேயும் இல்லை, நோயும் இல்லை. இருட்டில் கண்பாவை விரிந்திருக்கும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே உள்ள பிளாஷின் வெளிச்சம் உள்ளே போய், விழித்திரையின் இரத்தச் சிவப்போடு அப்படியே லென்ஸுக்குத் திரும்புகிறது. அறையில் லைட்டைப் போட்டு, சற்று நெருங்கி எடுத்தால் குறையும்.

நம் கண் பார்ப்பது வேறு

இந்தக் கேமராக்களில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, மேலே உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டருக்குள் வந்தால் தலை வெட்டுப்படும். வியூபைண்டர் ஓரத்தில் உள்ள சிறு கோடுகளுக்குக் கீழே தலை இருக்கட்டும். லென்ஸை விரல் மறைத்தாலும் வியூபைண்டரில் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள்.

பிலிம் போடும்போதும் எடுக்கும்போதும்

பிலிமின் நாக்கை உள்ளே உள்ள குறி வரை மட்டும் இழுத்து, தட்டையாக வைத்து மூடுங்கள். மோட்டார் ஓடி எண் 1 தெரிந்தால் பிலிம் பிடித்துவிட்டது. எண் மினுக்கினாலோ வராவிட்டாலோ திறந்து மறுபடி வையுங்கள். ரோல் முடிந்ததும் அதுவே திரும்பச் சுற்றும். சத்தம் முழுவதும் நின்று, எண் மறைந்த பிறகே பின்கதவைத் திறக்க வேண்டும். நடுவில் திறந்தால் வெளிச்சம் பட்ட படங்கள் போயே போச்சு!

பாட்டரி இல்லாமல் இந்தக் கேமரா ஒரு செங்கல்தான். பெரும்பாலானவற்றுக்கு 3 வோல்ட் லித்தியம் பாட்டரி. பல மாதம் எடுக்காமல் வைப்பதானால் பாட்டரியைக் கழற்றி விடுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் கேமராவோடு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். தகரக் கூரைக்கு அடியிலும், வெயிலில் நிற்கும் வண்டியிலும் பிலிமை வைக்காதீர்கள்.

முடிவாக

அமுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நடுக் கட்டத்தில் இருப்பது யார்? இவ்வளவு ஜூம் தேவையா, நான் முன்னால் போக முடியாதா? பிளாஷ் அங்கே எட்டுமா? வெயில் எந்தப் பக்கம்? முதலில் பிலிம் போடாமல் நண்பர்களை நிற்க வைத்து, பாதி அமுக்கிப் பழகுங்கள். அதற்குக் காசு இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து என்ன சாதிக்கப் போகிறேன் என்று தெரியாது. ஆனால் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் கிடந்த ஒரு புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து முடித்தேன். படித்ததைத் தமிழில் இங்கே எழுதிவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கேமரா இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அதன் உறைக்குள் வைத்துவிடுங்கள். மலர் ஒரு தாள் குறைந்தால் பேரவைத் தலைவர் கோபித்துக் கொள்ள மாட்டார்!