அமெரிக்கக் கொடியை யார் நெய்யணும்?

இன்னைக்கு ஒரு குட்டிச் சட்டத்தைப் பத்திப் பேசப் போறோம். பேரு ‘ஆல்-அமெரிக்கன் ஃபிளாக் ஆக்ட்’. அமெரிக்க மத்திய அரசு வாங்குற தேசியக் கொடி முழுக்க அமெரிக்காவிலேயே தயாராகியிருக்கணும். சாரம் அவ்வளவுதான்.

“ஏற்கனவே அப்படித்தானே இருக்கும்?”னு கேட்பீங்க. இல்லை. 1933-இல் வந்த ‘பை அமெரிக்கன் ஆக்ட்’ அரசுத் துறைகள் உள்நாட்டுப் பொருளையே வாங்கணும்னு சொல்லுது. ஆனா எது உள்நாட்டுப் பொருள்? பல பத்தாண்டுகளாக இருந்த விதிப்படி, அமெரிக்காவில் தயாராகணும். அதில் சேரும் பொருட்களின் மதிப்பில் பாதிக்கு மேல் உள்நாட்டுடையதா இருக்கணும். மீதி எங்கிருந்து வந்தாலும் சரி. நான் எழுதுற மென்பொருளும் இப்படித்தான். ‘நான் எழுதினது’ன்னு சொல்லிக்குவேன், உள்ளே பாதி யாரோ எழுதின லைப்ரரி!

புதுச் சட்டம் அந்தப் பாதியை நூறு சதவீதமாக்குது. தைப்பது மட்டுமல்ல, மூலப்பொருளும் அங்கேயே விளைந்ததாகவோ தயாரானதாகவோ இருக்கணும். ஜனநாயகக் கட்சியின் ஷெரட் பிரவுனும் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸும் செனட்டில் சேர்ந்து கொண்டுவந்த மசோதா இது. பல முறை முன்மொழியப்பட்டு, கடைசியில் 2024 ஜூலையில் அதிபர் பைடன் கையெழுத்துப் போட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இது இறக்குமதித் தடை இல்லை. கடையில் யாரும் எந்த நாட்டுக் கொடியையும் வாங்குறதையோ விற்குறதையோ இந்தச் சட்டம் தடுக்கலை. சட்டம் கட்டுப்படுத்துறது அரசுங்கிற வாடிக்கையாளரை மட்டும்தான். முன்னாள் ராணுவத்தினரின் சவப்பெட்டி மேல் போர்த்தி, பிறகு குடும்பத்தார் கையில் கொடுக்கும் கொடியும் அரசு வாங்குறதுதான். அரசு வாங்குற கொடி வேற நாட்டு நூலில் நெய்ததா இருக்கலாமாங்கிற கேள்விதான் இந்தச் சட்டத்துக்குப் பின்னாடி இருக்கிற உணர்வு.

விதிவிலக்கும் உண்டு. தேவையான தரத்தில், அளவில், சந்தை விலையில் உள்நாட்டில் கிடைக்கலைன்னா வெளியில் வாங்கலாம். குறிப்பிட்ட தொகைக்குக் குறைவான கொள்முதலுக்கும் விலக்கு இருக்கு.

இந்த மாதிரி விதி யாரைக் காப்பாத்துதுன்னு தெரிய நம்ம ஊர்ப் பக்கம் பாருங்க. இந்தியக் கொடிக்கு ரொம்ப நாளா கையால் நூற்று நெய்த துணிதான் விதி. 2021 டிசம்பர் 30-இல் கொடி விதிகளைத் திருத்தி, பாலியெஸ்டருக்கும் இயந்திரத் தயாரிப்புக்கும் அனுமதி கொடுத்தாங்க. சாமானியனுக்குக் கொடி மலிவாச்சு, நல்லதுதான். ஆனா கர்நாடகாவின் ஹுப்பள்ளியில் கதர்க் கொடி தயாரிக்கும் சங்கம் 2022-இல் இதை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்குச்சு. விதியில் மாறினது சில வார்த்தைகள்தான். ஆட்டம் கண்டது நூற்கிறவங்க, நெய்யறவங்க பிழைப்பு.

அதனால ஒரு சட்டத்தில் ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ன்னு பார்த்தா, தலைப்போட நிறுத்தாதீங்க. அந்தச் சொல்லுக்கு அவங்க கொடுத்த விளக்கத்தையும், விதிவிலக்குப் பட்டியலையும் படிங்க. யாருக்கு வேலை கிடைக்கும்ங்கிறது அங்கேதான் முடிவாகுது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.