இதயத் துடிப்பு தாளம் தவறும்போது

நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பகுதிகளிலிருந்து எங்கள் இதய நோய்ப் பிரிவுக்கு வருவோரில் சிலர் ஒரே குறையைக் கூறுகின்றனர். நெஞ்சு திடீரெனப் படபடவென்று அடித்துக்கொள்கிறது; மருத்துவமனை வாசலை மிதிப்பதற்குள் நின்றுவிடுகிறது. அதன்பின் இ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே வாயு, பயம், மனக்கவலை என்று பெயர் சூட்டப்பட்டு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பெண்களுக்கே இவ்வாறு மிகுதியாக நேர்வதை நாங்கள் வருத்தத்துடன் காண்கிறோம்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் மின்தூண்டல் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு கணுவின் வழியாகக் கீழறைகளை அடைகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்புகள் இயல்பு. சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை அமைந்திருக்கும். தூண்டல் அவ்வழியே திரும்பி வந்து வட்டமிடத் தொடங்கினால், துடிப்பு 150, 200 என எகிறும். சுவிட்சைத் தட்டியதுபோல் தொடங்கி, அவ்வாறே நிற்பது இதன் அடையாளம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வேறு வகை. இதில் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். முதுமை, இரத்த அழுத்தம், தைராய்டு மிகை ஆகியவை காரணங்கள். நம் நாட்டில் சிறுவயது வாதக்காய்ச்சலால் வால்வு பழுதானவர்களுக்கு இளமையிலேயே வருவதும் உண்டு.

படபடப்பு நீடிக்கும்போதே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். நீங்கள் தரக்கூடிய சான்றுகளில் அதற்கு இணை வேறில்லை. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்திருந்தால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

முதல் வகை நோய் என்று உறுதியானவர்களுக்கு ஓர் எளிய பயிற்சியைக் கற்பிக்கிறோம். சாய்ந்து அமர்ந்து, 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, உடனிருப்பவர் கால்களை உயர்த்திப் பிடிக்க வேண்டும். 2015-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில் இம்முறையால் 43 விழுக்காட்டினருக்குத் துடிப்பு சீரானது. பழைய முறையில் 17 விழுக்காட்டினருக்கே சீரானது. நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் மண்ணில் ஊதுவதற்குக் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் மருத்துவர் கற்றுக்கொடுத்தவர்கள் மட்டுமே இதைச் செய்க.

மருந்துக்கு அடங்காதவர்களுக்கும், வாழ்நாள் முழுதும் மாத்திரை விழுங்க விரும்பாதவர்களுக்கும் அப்லேஷன் உண்டு. நெஞ்சைப் பிளப்பதில்லை. தொடையிடுக்குச் சிரை வழியே மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான பாதையை மின்பதிவால் தேடிக் கண்டறிகிறோம். நேரத்தைத் தின்பது இந்தத் தேடலே. பின்னர் ரேடியோ அலையால் சூடேற்றிச் சில மில்லிமீட்டர் அளவுள்ள அவ்விடத்தைச் செயலிழக்கச் செய்கிறோம். முதல் வகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணம் கிடைக்கிறது. பாதை இயற்கைக் கணுவை ஒட்டியிருந்தால், நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே எனினும், பேஸ்மேக்கர் தேவைப்படும் இடர் உண்டு; ஒப்பம் இடுமுன் இதைக் கேட்டுத் தெளிக. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பலன் சற்றுக் குறைவு. சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரிடும். முதல் மூன்று மாதங்களில் படபடப்பு மீண்டும் தலைகாட்டினால் சிகிச்சை தோற்றதாகப் பொருளில்லை.

சிகிச்சைக்குப் பின் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மஞ்சள் மூட்டையோ தண்ணீர்க் குடமோ தூக்கலாகாது. துளையிட்ட இடத்தில் வீக்கமோ இரத்தக்கசிவோ கண்டால் அழுத்திப் பிடித்தபடி உடனே வருக.

எங்களைக் கவலைக்குள்ளாக்குவது இன்னொன்று. துடிப்பு சீரானதும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைச் சிலர் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்லேஷன் செய்துகொண்டவர்கள் குறைந்தது இரண்டு மாதங்கள் அதைத் தொடர வேண்டும். பலருக்கு அதன் பின்னரும் தேவைப்படும். வார்ஃபரின், அசெனோகூமரால் உட்கொள்வோர் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. மஞ்சள் விளையும் ஊராதலால் இதையும் கேட்கின்றனர்: குழம்பில் இடும் மஞ்சளால் தீங்கில்லை. மஞ்சள் சாறு அடைத்த காப்ஸ்யூல்களை மட்டும் எங்களைக் கேளாமல் உட்கொள்ளாதீர்கள். அவை இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும்.