பட்டை இல்லாத சாராயம் பறித்த உயிர்கள்!

மலையில் ஊறியது வெல்லம். நகரில் பாக்கெட்டில் வந்தது விஷம்

கரியாலூர்,

சீமையில் பலர் வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அதற்கு வேண்டிய "ஹாப்ஸ்" கொடியையும் கொல்லைப்புறத்திலேயே வளர்க்கிறார்கள். கயிறு கட்டி ஏற்றிவிட்டால் அவரைக்கொடி மாதிரி சுற்றிக்கொண்டு 15 அடி, 20 அடி போகும். பெண் கொடியில் தொங்கும் பச்சைப் பூங்கொத்தைப் பறித்து, காயவைத்து, கொதிக்கிற மால்ட் தண்ணீரில் போடுவார்கள். பீரின் கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. சரக்கு சீக்கிரம் கெடாமலும் அது காக்கும்.

இதற்கு இங்கிலாந்தில் 1963-லும், அமெரிக்காவில் 1979-லும் சட்டமே வழிவிட்டது. ஆனால் பீர் வரைக்கும்தான். அடுப்பு மூட்டி வீட்டில் சாராயம் வடித்தால் அங்கேயும் குற்றம்தான்!

நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் 1970-களிலிருந்து ஹாப்ஸ் விளைகிறது. "கல்வராயன் மலையும் குளுகுளுன்னுதானே இருக்கு, இங்கே நட்டால் என்ன?" என்று கேட்கலாம். கரியாலூர் குளிர் அந்தக் கொடிக்குப் பத்தாது. அது நன்றாக வளர்ந்து பூக்க நீண்ட பகலும் வேண்டும். இங்கே ஜூன் மாதத்திலும் பகல் 13 மணி நேரத்துக்குள்தான். பூத்தாலும் வீட்டில் பீர் காய்ச்ச மதுவிலக்கு சட்டம் விடாது. கள் இறக்கவே 1987 முதல் தடை இருக்கிற மாநிலம் இது.

சீமைக்கு ஹாப்ஸ் என்றால் இந்தப் பக்கத்துக்கு வேலம்பட்டை!

பெயர் வந்த விதம்

"பட்டை அடிச்சிட்டு வந்துட்டான்" என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தப் பட்டை இதுதான். வெள்வேல மரத்தின் பட்டை. பட்டைச் சாராயம் என்ற பெயரே இதனால் வந்தது. பட்டையில் துவர்ப்பு அதிகம். வெல்லத் தண்ணீரில் கிடக்கும் கசடைப் பிடித்து அடியில் இறக்கிவிடும். கல்வராயன் மலையில் கடுக்காயும் இந்த ஊறலில் சேரும். அதுவும் துவர்ப்புச் சரக்கே.

பட்டையையோ கடுக்காயையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. கடுக்காய் நாட்டு மருந்துக்கும் தோல் பதனிடவும் போகிறது. வெள்வேலங்காயை ஆடுகள் ஆசையாகத் தின்னும். பேரலுக்குள் போனால்தான் வழக்கு.

கரியாலூர் போலீசார் ஓடையோரமாக நடந்து போய் பேரல்களைக் கவிழ்ப்பதும், ஊறலைக் கொட்டி அழிப்பதும் பேப்பர் படிக்கிறவர்களுக்குப் பழகிப்போன செய்தி. வடித்த சரக்கு லாரி டியூப்பில் அடைபட்டு மலையை விட்டு இறங்கும். இதுவும் யோக்கியமான சரக்கு அல்ல. குடல் வெந்து, குடும்பம் கெட்டவர்கள் அடிவாரத்து ஊர்களில் ஏராளம்.

கருணாபுரம்

ஆனால் 2024-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விற்ற பாக்கெட்டில் இருந்த எமன், பட்டையும் அல்ல, கடுக்காயும் அல்ல.

மெத்தனால்!

பெயிண்ட், கெமிக்கல் கம்பெனிகளுக்குப் போகிற சரக்கு அது. ஊறல் வேண்டாம், அடுப்பு வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீரைக் கலந்தால் பாக்கெட் ரெடி. பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் மாதிரியே இருக்கும். உள்ளே போனதும் ஈரல் அதை பார்மிக் அமிலமாக மாற்றும். கண் மங்கும். வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரும். சாதாரண போதை என்று நினைத்து வீட்டில் படுத்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரமும் தப்பிவிட்டது.

கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் 60-க்கும் மேற்பட்டவர்கள் அடுத்தடுத்து செத்தார்கள். பெண்களும் உண்டு. அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஆட்களைச் சாகடித்தது இதே மெத்தனால்தான். ஒரு வருஷத்தில் யாரும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை.

கலெக்டர் மாற்றம், போலீஸ் சூப்பிரண்டு சஸ்பெண்டு, இறந்தவர் குடும்பத்துக்கு தலா 10 லட்சம் ரூபாய் என்று அறிவிப்புகள் வந்தன. ஜூன் 29-ந் தேதி சட்டசபையில் சட்டத்தையும் திருத்தினார்கள். கள்ளச்சாராயம் குடித்தவர் செத்தால், விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை. அபராதம் குறைந்தது 10 லட்சம்.

மலை மேல் வேட்டை

அதோடு போலீஸ் படை கல்வராயன் மலை ஏறியது. ஊறல் தேடும் வேட்டை நடந்தது. மலைக்குப் போகிற வெல்ல மூட்டைக்குக் கூட கணக்கு கேட்டார்கள். காட்டு ஊறலை அழிப்பது சரிதான். ஆனால் மெத்தனால் காட்டில் விளைவதில்லையே! அது கம்பெனியிலிருந்து டிரம்மில் ஏறி, ரோட்டு வழியாக, செக்போஸ்ட்டுகளைத் தாண்டி வருகிற பொருள். அந்த ரோட்டை எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

வழக்கு சி.பி.சி.ஐ.டி. கையில் இருந்தது. 2024 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு அதை சி.பி.ஐ.க்கு மாற்றியது. எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு போன மாநில அரசின் அப்பீல் டிசம்பரில் தள்ளுபடி ஆனது.

2024 ஜூலையில் ஐகோர்ட்டு தானாகவே இன்னொரு வழக்கையும் எடுத்தது. அது சாராய வழக்கு அல்ல. 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த இந்த மலை ஜனங்களுக்கு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எந்த அளவில் வந்து சேர்ந்திருக்கின்றன என்று அரசாங்கத்தைக் கேட்கிற வழக்கு.