போனில் இருந்து கம்ப்யூட்டருக்கு போட்டோ மாற்றுகிறீர்களா? ‘கட்’ பட்டனைத் தொடாதீங்க!

‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று போன் கத்தும்போதுதான் நமக்கு லேப்டாப் ஞாபகமே வரும். போன வருஷம் எனக்கும் அப்படித்தான் வந்தது. கேபிளைச் சொருகி, கேமரா ஃபோல்டரை மொத்தமாக செலக்ட் பண்ணி, ‘கட்’ கொடுத்து லேப்டாப்பில் ‘பேஸ்ட்’ செய்தேன். பாதியில் டீ எடுக்க எழுந்தபோது கை பட்டு கேபிள் கழன்றுவிட்டது. மறுபடி மாட்டிப் பார்த்தால், ஒரு வீடியோ போனில் இல்லை. லேப்டாப்பில் பெயர் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. பாட்டி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டே பேசிய வீடியோ அது. பாட்டி இப்போது இல்லை.

அப்புறம்தான் இது ஏன் நடக்கிறது என்று தேடிப் படித்தேன்.

ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்ததும் அது சார்ஜ் மட்டும்தான் ஏறும். நோட்டிஃபிகேஷனில் போய் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்று மாற்றினால்தான் உள்ளே இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். அப்போது வேலை செய்வது எம்.டி.பி என்ற முறை. பென் டிரைவைப் போல இதில் கம்ப்யூட்டர் நேரடியாக ஸ்டோரேஜைத் தொடாது. ஒவ்வொரு ஃபைலாக போனிடம் கேட்டு வாங்கும். நடுவில் தொடர்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: கேபிள் வழியாக போனிலிருந்து அழிக்கும் ஃபைல், கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, போன் கேலரியின் குப்பைத்தொட்டிக்கும் போகாது. போனது போனதுதான்.

அதனால் எப்போதும் ‘காப்பி’ மட்டும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் எத்தனை ஃபைல், எத்தனை ஜி.பி என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வீடியோக்கள் ஒன்றிரண்டைத் திறந்து கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். அதன்பிறகு போனிலேயே, கேலரியைத் திறந்து அழியுங்கள். ஆனால் கூகுள் போட்டோஸ் ஆப்பில் பேக்அப் ஆன படத்தை ‘டெலீட்’ செய்தால் கிளவுடிலும் சேர்ந்தே அழியும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதிலுள்ள ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ வசதிதான் சரி.

போனை மாட்டியும் கம்ப்யூட்டரில் எதுவும் வரவில்லையா? முதலில் லாக்கைத் திறங்கள். அப்போதும் வரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். விலை குறைந்த சில கேபிள்களில் டேட்டாவுக்கான கம்பியே இருக்காது, சார்ஜ் மட்டும்தான் ஏறும்.

ஐபோன்காரர்களின் தலைவலி வேறு ரகம். 2017-ல் வந்த ஐ.ஓ.எஸ் 11-லிருந்து படங்கள் ஹெச்.இ.ஐ.சி என்ற ஃபார்மட்டில் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸுக்கு மாற்றும்போது ஐபோன் அவற்றை ஜேபெக்காக மாற்றி அனுப்பப் பார்க்கும். நிறைய படங்கள் இருந்தால் பாதியில் எரர் அடித்து நின்றுவிடும். செட்டிங்ஸில் ‘போட்டோஸ்’ பகுதிக்குப் போய், அடியில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், பல படங்களின் ஒரிஜினல் ஐகிளவுடில்தான் இருக்கும். கேபிளில் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி அழித்துவிடாதீர்கள். போனில் அழித்தால் ஐகிளவுடிலும் அழியும்.

‘எதுக்கு இவ்வளவு? வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பிக்கிறேன்’ என்கிறீர்களா? சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது, ஒரு ஃபைல் 2 ஜி.பி வரை போகும். நாலைந்து படங்களுக்கு ஓகே. ஆண்ட்ராய்டிலிருந்து விண்டோஸுக்கு என்றால் ‘குயிக் ஷேர்’ இன்னும் வசதி. ஆனால் மூன்று வருஷத்து கேலரிக்கு கேபிளை விட்டால் வழியில்லை.

ஜெராக்ஸ் கடையில் ரெஸ்யூம் பிரின்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேபிளே வேண்டாம். ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ கொடுத்த நிமிஷமே உங்கள் மொத்த கேலரியும் அந்த கம்ப்யூட்டருக்குத் திறந்துவிடும். மெயிலில் அனுப்பிவிடுங்கள். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், வீட்டுக்கு வந்த பிறகும்கூட போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ போய் அந்த கம்ப்யூட்டரை லாக்அவுட் செய்துவிடலாம்.