இணையப் பேச்சில் ஒற்று மறைவதேன்?

2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. போர்டிக்சன் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியே வகுப்பறையாயிற்று. அந்நாளில் இணைய அழைப்பு வழியாகச் சொல்வதெழுதுதல் நடத்தினேன். 'பட்டம்' என்றேன், ஒரு சிறுவன் 'படம்' என்றெழுதினான். 'பாட்டு' என்றேன், 'பாடு' என்றான். இரண்டையும் பிழையெனச் சுழித்தேன். பிழை அவனுடையதுதானா என்னும் ஐயம் பின்னரே எழுந்தது.

பழைய தொலைபேசியில், பேசி முடியும் வரை இருவருக்கும் ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இணையத்தில் அவ்வாறன்று. குரல் பெரும்பாலும் 20 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, வினாடிக்கு 50 பொட்டலங்களாகப் புறப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் முகவரி வேண்டும். குரலை மிகச் சுருக்கும் ஒரு முறையில், 20 பைட் குரலுக்கு 40 பைட் முகவரி! சரக்கைவிட வண்டிக்கூலி இரு மடங்கு.

இனி நம் மாத்திரைக்கு வருவோம். கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவாக வைத்தார். கண்ணிமைப்பு ஏறத்தாழ 100 முதல் 400 மில்லி வினாடி. சிற்றளவைக் கொண்டால் ஒரு மாத்திரை ஐந்து பொட்டலம். அரை மாத்திரை ஒற்றுக்கு இரண்டு, மூன்று பொட்டலமே. 'பட்டம்' என்கையில் நா மேலண்ணத்தில் ஒட்டி நிற்க, ஒலி ஒரு கணம் அடைபடுகிறது. அந்த அடைப்பே ஒற்று. அவ்விடத்துப் பொட்டலங்கள் வாராவிடின், கைப்பேசி முன் வந்த ஒலியை நீட்டி இடைவெளியை நிரப்புகிறது. அடைப்பு மறைய, செவியில் 'படம்' விழக்கூடும்.

பொட்டலம் ஏன் வாராது? வைஃபையில் ஓர் அலைத்தடத்தை எல்லாக் கருவிகளும் பகிர்கின்றன. ஒவ்வொன்றும் தடம் ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டு, சிறிது காத்துப் பிறகே அனுப்பும். இரண்டு ஒருங்கே அனுப்பினால் மோதிக் கெடும்; மீண்டும் அனுப்பவேண்டும். லயத்து வீட்டில் அண்ணன் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தால் தம்பியின் பாடம் காத்து நிற்கும். நுண்ணலை அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் குறுக்கிடும். நனைந்த செம்பனை மட்டைகளும் அலையை விழுங்கும்.

ஆகவே பொட்டலங்கள் முன்பின்னாக வருகின்றன. கைப்பேசி அவற்றைச் சற்றே தேக்கிவைத்து ஒரு சீராக ஒலிக்கச் செய்கிறது. பிந்தி வந்தவற்றைத் தள்ளிவிடுகிறது. தேக்கத்தைக் கூட்டினால் இழப்புக் குறையும். ஆனால் உரையாடல் கெடும். ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருப்பது நன்று என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அது மிகுந்தால் இருவரும் ஒருசேரப் பேசத் தொடங்குவர்.

மலேசியாவில் 2021 இறுதிக்குள் 3ஜி சேவை மூடப்பட்டது. 4ஜியில் செல்லும் வழக்கமான அழைப்பும் பொட்டலங்களாகவே செல்கிறது. எனினும் அதற்கு வலையமைப்பு முன்னுரிமை தருகிறது. செயலி வழி அழைப்புக்குப் பொதுவாக அச்சலுகை இல்லை. திரைப்படத்தோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டும்.

பதிவு செய்து அனுப்பும் குரலின் நிலை வேறு. விடுபட்ட பொட்டலம் மீண்டும் கேட்டு வாங்கப்படும். பிந்தினாலும் முழுமையாக வரும். அடுத்த கிழமை அதே சொற்களைப் பதிவு செய்து அச்சிறுவனுக்கு அனுப்பினேன். 'பட்டம்', 'பாட்டு' இரண்டையும் ஒற்றோடு எழுதியிருந்தான். பழைய ஏட்டை எடுத்து, சுழித்ததை அடித்து மதிப்பெண் போட்டுக்கொடுத்தேன்.