குளிர்ந்த எஞ்சினின் முரண்டு

சில பெட்ரோல் கார்கள் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். ஆனால் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இருக்காது. சூடேறியதும் குறை மறைந்துவிடும். அதுவும் தினமும் வராது. ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடுவதால், மெக்கானிக் ஓட்டிப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்று திருப்பி அனுப்புவதும் சகஜம்.

குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. இன்ஜெக்டர் பீய்ச்சுவதில் ஒரு பகுதி, காற்று நுழையும் வழியின் சுவரிலும் வால்வின் முதுகிலும் திரவமாகவே படிந்துவிடுகிறது. சூடான எஞ்சினுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் போதும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. பெரும்பாலும் கூலன்ட் வெப்பநிலை சென்சாரின் பேச்சைக் கேட்டே முடிவுசெய்கிறது. கலவை சரியா என்று பார்த்துச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரோ சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் வேலை செய்யும். அதுவரை கணக்கு பிசகினால் திருத்த ஆளில்லை.

ஆகவே காரை இரவு முழுக்க நிறுத்திவைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 60 டிகிரி என்று காட்டினால், எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பி ஈ.சி.யூ. பெட்ரோலைக் குறைத்துவிடும். இந்த சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும்: பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். குறை விட்டுவிட்டு வருவதற்கு, சென்சாரைவிடப் பச்சைக் களிம்பு பிடித்த கனெக்டரே காரணமாக இருப்பதும் உண்டு. அளவைப் பார்த்துக்கொண்டே ஒயரை அசைத்தால் தெரிந்துவிடும்.

சென்சார் சரியென்றால், அடுத்த சந்தேகம் காற்றுக் கசிவு. இறுகிப்போன கேஸ்கெட் குளிரில் சுருங்கி, சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் புகை விட்டுக் கசிவு தேடும் சோதனையையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். எரிந்த புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது, குறைந்த எரிபொருள் அழுத்தம், பஞ்சுபோல் பெட்ரோலை உறிஞ்சும் வால்வுக் கரி ஆகியவை அதற்குப் பிறகு. எஞ்சின் விளக்கு எரிந்திருந்தால், அந்த நொடியின் வேகம், வெப்பநிலை, சுமை எல்லாம் ஈ.சி.யூ.வில் பதிவாகியிருக்கும். எதையும் கழற்றுமுன், ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழிக்குமுன், அதைக் குறித்துக்கொள்வது நல்லது. பலரும் முதலில் அழிப்பது அதைத்தான்.

எதை மாற்றினாலும், குறை தீர்ந்ததா என்று பார்ப்பதும் மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில்தான்.