உங்களுக்குத் தெரியுமா? கொள்ளிடத்தோடு நின்ற சட்டம்

● வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. எதிர்க்கரை தஞ்சாவூர் மாவட்டம். அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டச் சட்டமே தடை போடுகிறது. இந்தக் கரைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

● அதுதான் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும், கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் அதில் உண்டு. அரியலூர், திருச்சி, கரூர் இல்லை. பேரவையில் பிப்ரவரி 20 அன்று மசோதா தாக்கலானது, அன்றே நிறைவேறியது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன திமுக வெளிநடப்புச் செய்தது. அனுப்பியிருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். மண்ணியல், நீரியல் அறிந்தவர்களையும் வடகரையில் திருமானூர்ப் பக்கத்து விவசாயிகளையும் குழு அழைத்துக் கேட்டிருந்தால், எல்லைக்கோட்டை ஆற்றில் நிறுத்தியது ஏன் என்ற கேள்விக்கு அரசு எழுத்தில் பதில் சொல்லியிருக்கும்.

● சட்டம் எட்டாத கரையில் கிணறு வரலாம் என்பது வெறும் ஐயமல்ல என்று அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. அரியலூர் மாவட்டத்தில் 10 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி விண்ணப்பித்தது. 2021 ஜூனில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அதை நிராகரித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அது ஒரு விண்ணப்பத்துக்கு ஓர் ஆணையம் சொன்ன பதில். நாளை வேறு விண்ணப்பம் வரலாம். வேறு பதிலும் வரலாம். சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் பேரவைக்குத்தான் வந்தாக வேண்டும்.

● மசோதாக்களைக் குழு அலசும் முறை வேறு அவைகளில் உண்டு. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இயங்குகின்றன. அறிவியல், சுற்றுச்சூழலுக்கென ஒரு குழு உண்டு. அணுசக்தி, விண்வெளித் துறைகளும் அதன் பார்வைக்குள் வரும். குழுவுக்கு 31 உறுப்பினர்கள்: மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. செயலாளர்களை நேரில் அழைத்து விசாரிக்கலாம். பரிந்துரைகளை அரசு ஏற்றே தீர வேண்டும் என்பதில்லை.

● ஆனாலும் பயன் உண்டு. 2010-இல் அணு விபத்து இழப்பீட்டு மசோதா இந்தக் குழுவுக்குப் போனது. நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பு வரம்பு முதலில் 500 கோடி ரூபாய். சட்டமானபோது 1,500 கோடி. கூடங்குளத்தை வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது சின்ன விஷயமா?

● கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் உள்ளன. தமிழகப் பேரவையில் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு என்று பல உண்டு. மசோதாக்களைத் துறைவாரியாக அலசும் நிலைக்குழு இல்லை. பெரிய குறை.

● அமைச்சர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதற்கு அரியலூரிலேயே ஒரு சான்று உண்டு. 1956 நவம்பர் 23: அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

● அமைச்சர் மக்களவையில் ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொன்னால் அதுவும் உறுதிமொழிக் கணக்கில் ஏறக்கூடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் உறுதிமொழிக் குழு விளக்கம் கேட்கும். ஏலாக்குறிச்சிக்காரர்கள் எண்ணெய்க் கிணறு பற்றிய கேள்வியை மக்களவையில் எழுப்பச் சொல்ல வேண்டியது சிதம்பரம் தொகுதி எம்.பி.யிடம்; அரியலூர் சட்டமன்றத் தொகுதி அதற்குள்தான் வருகிறது.